பிள்ளைகளுக்கு வாங்கிய கணக்குப் புத்தகம்

திருத்தணியில் மலைக்கு வண்டி ஏறுகிற சாலைக்குக் கீழே இருக்கும் தெருவில் நின்று அம்சா வீடு எது என்று கேட்டால் யாரும் நேராக வழி சொல்ல மாட்டார்கள். "ஸ்கூலுக்குப் போவாத புள்ளைங்க வூடா?" என்று திருப்பிக் கேட்டு, ஆமாம் என்ற பிறகுதான் கையை நீட்டிக் காட்டுவார்கள்.

அம்சாவுக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவன் இளம்பரிதிக்குப் பதினொரு வயது, இளையவள் கவிப்பிரியாவுக்கு ஒன்பது. கொரோனா ஊரடங்கில் பள்ளிகளை மூடியபோது இளம்பரிதி ஒன்றாம் வகுப்பில் இருந்தான். பாடம் கைப்பேசியில் நடந்தது. சிக்னல் போனதும் டீச்சரின் முகம் வாய் திறந்தபடியே உறைந்து நிற்கும். இவன் அந்த வாய்க்கு நேராக பிஸ்கட்டை நீட்டி விளையாடிக்கொண்டிருப்பான். பார்த்துப் பார்த்து அலுத்துப்போன அம்சா ஒருநாள் கைப்பேசியை அணைத்துவிட்டு, தானே எழுத்துக் கூட்டச் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்தாள். ஊரடங்கு முடிவதற்குள் பையன் பால் பாக்கெட், பேருந்துப் பலகை, சுவரொட்டி எல்லாவற்றையும் சத்தமாகப் படிக்க ஆரம்பித்துவிட்டான். சில சுவரொட்டிகளை அவன் படித்தபோது வாயைப் பொத்த வேண்டியிருந்தது.

பள்ளிகள் திறந்தன. அம்சாவுக்கு அனுப்ப மனம் வரவில்லை. கணவன் பூபாலனிடம் தயங்கித் தயங்கிக் கேட்டாள். அவன் அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்ப்பவன். இருட்டோடு எழுந்து ரயிலைப் பிடித்துப் போய், பொழுது சாய்ந்து திரும்புபவன்.

"காலைல ஒத்த சாக்ஸ தேடிகினு நிக்கிற வேல இனிமே இல்லல்ல?" என்று கேட்டான்.

"இல்ல."

"அப்போ எனக்கு சம்மதம்."

இப்படித்தான் அந்த வீடு பள்ளிக்கூடம் ஆனது. தமிழ், ஆங்கிலம், அறிவியல் எதற்கும் அம்சா அஞ்சவில்லை. செம்பருத்தியைப் பிய்த்து மகரந்தம் காட்டினாள். பக்கத்து வீட்டு வானொலியில் வரும் தெலுங்குப் பாட்டுக்குக்கூட அர்த்தம் சொன்னாள். கணக்கு என்றால் மட்டும் அவளுக்குத் தலைவலி வந்துவிடும். பத்தாம் வகுப்பில் கணக்கில் தோற்று, மறுபடி எழுதி, பாஸ் மார்க்கைத் தொட்டும் தொடாமலும் வெளியே வந்தவள். கூட்டல், கழித்தல், வாய்ப்பாடு வரைக்கும் சொல்லிக் கொடுத்துவிட்டு, அதற்கு மேல் வந்தால் "நாளைக்குப் பாத்துக்கலாம்" என்று புத்தகத்தை மூடிவிடுவாள். அந்த நாளை ரொம்ப நாளாக வரவேயில்லை.

சித்திரையில் ஒரு கல்யாணத்துக்காகப் பூபாலனின் அக்கா தேவகி வந்திருந்தாள். அரக்கோணம் பக்கத்தில் நடுநிலைப் பள்ளியில் கணக்கு டீச்சர். தம்பி பிள்ளைகள் பள்ளிக்குப் போகாதது அவளுக்கு முள்ளாகக் குத்திக்கொண்டிருந்த விஷயம். அம்சாவும் அவளும் 'வாங்க', 'சாப்பிடுங்க', 'வரேன்' என்ற மூன்று வார்த்தைகளுக்கு மேல் பேசிக்கொண்டதில்லை. அன்றைக்குச் சாப்பாடு முடிந்து, மாமரத்து நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்த தேவகி இளம்பரிதியைக் கூப்பிட்டாள்.

"பின்னம் தெரியுமாடா?"

இளம்பரிதி திரும்பிப் பின்னால் பார்த்தான். அங்கே ஒரு குரங்கு உட்கார்ந்திருந்தது.

"தெரிதுத்தே," என்றான்.

தேவகி தம்பியைப் பார்த்தாள். தம்பி குரங்கைப் பார்த்தான்.

"நல்லா கேட்டுக்கோ பூபாலா. மே மாசக் கடைசில நான் வருவேன். கணக்கு கேப்பேன். ரெண்டும் சொல்லலன்னா, ஜூன்ல ஸ்கூல் தொறக்கற அன்னிக்கு நானே கையப் பிடிச்சி இட்டுகினு போயி சேத்துடுவேன்."

அம்சாவுக்கு அன்றிரவு தூக்கம் வரவில்லை. மறுநாள் காலை நேராகக் கடைத்தெருவுக்குப் போனாள். அங்கே கஜபதி என்பவர் ஒரு கடை வைத்திருந்தார். ஒரு பக்கம் நோட்டுப் புத்தகம், கைடு. மறு பக்கம் காவடிக்குக் கட்டும் மயிலிறகு, கற்பூரம், விபூதி பாக்கெட்.

"அண்ணே, லீவுல புள்ளைங்க போடறாப்ல கணக்குப் புஸ்தகம் எதுனா கீதா? பாடப் புஸ்தகம் இல்ல. அதுக்கு மேல, பழகறதுக்கு."

கஜபதி மூன்று புத்தகங்களை எடுத்து விபூதித் தூளைத் தட்டிவிட்டுக் கொடுத்தார். ஒவ்வொன்றிலும் கணக்கு, அதன் கீழே விடை எழுதக் கோடு போட்ட இடம். "பின்னாடி விடையும் போட்டுக்கீதும்மா. கவலையே இல்ல," என்றார்.

அம்சாவுக்குக் கவலை அங்கேதான் தொடங்கியது. விடை பின்னால் இருந்தால் இளம்பரிதி முன்னால் இருக்கும் கணக்கைப் பார்க்கவே மாட்டான். வீட்டில் எங்கே ஒளித்தாலும் கவிப்பிரியா கண்டுபிடித்துவிடுவாள். கடையிலேயே நின்று மூன்று புத்தகத்திலும் விடைப் பக்கங்களைச் சர்ரென்று கிழித்து கஜபதியிடம் நீட்டினாள்.

"இது உங்ககிட்டயே இருக்கட்டும்ண்ணே. சந்தேகம்னா நான் வந்து கேட்டுக்கறேன்."

எத்தனையோ வாடிக்கையாளர்களைப் பார்த்த கஜபதி அந்தத் தாள்களை வாங்கி, கற்பூர டப்பாவுக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

வீட்டில் புரட்சி வெடித்தது.

"எல்லாருக்கும் லீவு வுட்டுட்டாங்க. எங்களுக்கு மட்டும் இன்னாத்துக்கு கணக்கு?" என்று கேட்டான் இளம்பரிதி.

"ஸ்கூலுக்குப் போறவங்களுக்குதான்டா லீவு. நீதான் போறதே இல்லையே."

"அப்போ எங்களுக்கு லீவே கிடையாதா?" கவிப்பிரியாவின் உதடு பிதுங்கியது.

"அத்த வந்து கேக்கும். சொல்லலன்னா ஸ்கூல். அப்புறம் வருஷா வருஷம் லீவுதான், போதுமா?"

இருவரும் உட்கார்ந்தார்கள். முதல் புத்தகத்தைத் திறந்தார்கள். ஒரு பண்ணையில் ஆடும் கோழியும் இருக்கின்றன. மொத்தம் இருபது தலை, ஐம்பத்தாறு கால். ஆடு எத்தனை, கோழி எத்தனை?

இளம்பரிதி அதை இரண்டு தரம் படித்தான். பென்சிலின் பின்பக்கத்தைக் கடித்தான். "இந்தக் கணக்கு தப்பும்மா. இதுக்கு விடையே இல்ல," என்றான்.

"விடை இல்லாத கணக்க எவனாச்சும் போடுவானா? இங்க குடு."

அம்சா புத்தகத்தை வாங்கினாள். வாங்கியவள் அதைத் திருப்பித் தரவில்லை. இருபது வேர்க்கடலையைத் தரையில் வரிசையாக வைத்தாள். அதுதான் தலை. தீப்பெட்டியைக் கவிழ்த்தாள். அதுதான் கால். ஆடோ கோழியோ, எதுவானாலும் இரண்டு காலாவது இருக்கும் அல்லவா? எல்லாக் கடலைக்கும் இரண்டு இரண்டு குச்சி கொடுத்தாள். நாற்பது போனது. கையில் பதினாறு மிச்சம். அந்தப் பதினாறையும் இரண்டு இரண்டாகக் கொடுத்துக்கொண்டே போனாள். எட்டுக் கடலை நாலு காலில் எழுந்து நின்றது. பன்னிரண்டு கடலை இரண்டு காலோடு நின்றது.

அம்சாவுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. "எட்டு ஆடு! பன்னெண்டு கோழி!" என்று கத்தினாள். பதில் இல்லை. திரும்பிப் பார்த்தால் பிள்ளைகள் இரண்டையும் காணோம். அவர்கள் எப்போதோ சரவணப் பொய்கைப் பக்கம் விளையாடப் போயிருந்தார்கள்.

பூபாலன் வீடு திரும்பியபோது அடுப்பு பற்றவைக்கப்படவில்லை. கூடத்தில் கால் முளைத்த கடலைகள் நின்றுகொண்டிருந்தன. அவன் ஒரு ஆட்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான்.

"ஐயோ, இன்னாங்க! கணக்கு!" என்று பதறினாள் அம்சா.

அன்றிலிருந்து நடந்ததை ஊரே பார்த்தது. அம்சா தினமும் கஜபதி கடைக்கு நடந்தாள். கடையில் காவடிக்காரர்களும் மொட்டைத் தலையில் சந்தனம் பூசிய பக்தர்களும் நிற்பார்கள். அவர்களுக்குப் பின்னாலிருந்து எக்கி நின்று கேட்பாள்.

"அண்ணே, ரெண்டாவது புஸ்தகம், நாப்பதாவது கணக்கு. பதினெட்டு கிலோமீட்டரா?"

கஜபதி ஒரு கையில் கற்பூரத்தை மடித்துக்கொண்டே மறு கையால் தாளை இழுத்துப் பார்ப்பார். "ஆங், பதினெட்டுதாம்மா."

"அரோகரா!" என்பார் பக்கத்தில் நிற்கும் ஏதோ ஒரு பக்தர், விஷயம் தெரியாமலே.

சரி என்றால் அம்சா சிரித்துக்கொண்டே திரும்புவாள். தப்பு என்றால் வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டு வருவாள். ரயிலில் பூபாலனுடன் வரும் ஒருவன் அவனிடம் மெல்லச் சொன்னான். "பாவா, தப்பா நெனைக்காத. உன் ஊட்டுக்காரம்மா தெனமும் கஜபதி கடைக்குப் போவுது. வரப்போ தனக்குத்தானே சிரிச்சிகினு வருது." பூபாலன் அடுத்த ஞாயிற்றுக்கிழமை பின்னாலேயே போய், மூலையில் நின்று பார்த்தான். மனைவி கடைக்கு நேராக நின்று, "லாபம் பன்னெண்டு சதவீதம்தானேண்ணே?" என்று கேட்டதும், கஜபதி "இல்லம்மா, நஷ்டம்" என்றதும், அவள் முகம் தொங்கிப்போனதும் எல்லாம் கண்டான். சந்தேகப்பட வந்தவன் ஆறுதல் சொல்லி அழைத்துக்கொண்டு வந்தான்.

பிள்ளைகளுக்கு இது சீக்கிரம் பிடிபட்டுவிட்டது. காலையில் புத்தகத்தோடு உட்கார வேண்டியது. ஒரு கணக்கைக் காட்டி "வரலம்மா" என்று சொல்ல வேண்டியது. அவ்வளவுதான். அம்மா கணக்குக்குள்ளே போய்விடுவாள். அதற்கு மேல் யார் எங்கே போனார்கள் என்று கேட்க ஆள் இல்லை. பால் பொங்கி வழிந்தாலும் அவளுக்குத் தெரியாது. பொய்கைக் கரை, ரயில்வே மேம்பாலத்து நிழல், பக்கத்து வீட்டுச் சேட்டுவின் சைக்கிள் என்று கோடை அவர்களுக்கு நன்றாகப் போனது. சேட்டு அனிதாவின் மகன். பெரிய பீஸ் வாங்கும் ஆங்கிலப் பள்ளியில் படிப்பவன். அவன் பள்ளியைப் பற்றி அனிதா பேச ஆரம்பித்தால் அம்சா உள்ளே போய்க் குழம்பைக் கிண்டுவாள்.

மே மாதம் பாதியில் ஆபத்து வந்தது. மூன்றாவது புத்தகத்தின் கடைசிக் கணக்கையும் அம்சா போட்டு முடித்தாள். புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டு, கண்ணில் ஒரு வெறுமையோடு உட்கார்ந்திருந்தாள். பிறகு மெதுவாகத் தலையைத் தூக்கிப் பிள்ளைகளைப் பார்த்தாள்.

"சரி. இனிமே நீங்க மொதல்ல இருந்து போடுங்க."

இளம்பரிதியின் முகம் செத்துப்போனது. கவிப்பிரியா அப்படி இல்லை. அவளுக்கு மூளை எப்போதும் நாக்கு நுனியில் இருக்கும்.

"அம்மா, சேட்டு ஸ்கூல்ல லீவுக்கு ஒரு கணக்கு குடுத்துக்கீறாங்களாம். அவனுக்கே வரலியாம்."

"அந்த ஸ்கூல்லயா?" அம்சாவின் முதுகு நிமிர்ந்தது. "இன்னா கணக்கு? சொல்லு."

கவிப்பிரியா வாய்க்கு வந்ததைச் சொன்னாள். ஒரு பட்டியில் ஆடும் கோழியும் சேர்ந்து பதினைந்து தலை, முப்பத்தேழு கால். அம்சா கடலையைக் கொட்டினாள். குச்சியைக் கொடுத்தாள். முப்பது போய் ஏழு மிச்சம். மூன்று ஆட்டுக்கு நாலு கால் வந்தது. கையில் ஒரே ஒரு குச்சி நின்றது. மறுபடி கலைத்துப் போட்டாள். மறுபடியும் ஒற்றைக் குச்சி.

"மூணு கால்ல ஒரு ஆடு வருதுடா!"

"நொண்டி ஆடா இருக்கும்மா," என்றான் இளம்பரிதி, உதவி செய்வதாக நினைத்து.

"அவ்ளோ பீஸ் வாங்கிகினு நொண்டி ஆட்டுக் கணக்கா குடுப்பானுங்க? இரு, அனிதாவ கேக்கறேன்." அவள் செருப்பை மாட்டிக்கொண்டாள்.

கவிப்பிரியா ஓடிப்போய்க் குறுக்கே நின்றாள். "அம்மா, அம்மா! நான்தான் தப்பா சொல்லிட்டேன். முப்பத்தெட்டு கால்மா. முப்பத்தெட்டு!"

அம்சா செருப்பைக் கழற்றினாள். அண்ணனும் தங்கையும் அன்றைக்கு ஒரு பாடம் கற்றுக்கொண்டார்கள். கணக்கு கட்டாயம் முழுசாக வர வேண்டும். வராவிட்டால் அம்மா அனிதா வீட்டுக்குப் போவாள், குட்டு உடையும். சும்மா எளிதாகவும் இருக்கக் கூடாது. சாயங்காலம் வரை தாங்க வேண்டும்.

மறுநாளிலிருந்து பொய்கைப் படிக்கட்டில் ஒரு தொழிற்சாலை நடந்தது. கவிப்பிரியா முதலில் விடையை வைத்துக்கொண்டு பின்னாலிருந்து கணக்கைக் கட்டிக்கொண்டு வருவாள். இளம்பரிதி கரித்துண்டால் படியில் போட்டுப் பார்த்து, "ஏய், இதுல அரை ஆளு வராண்டி," என்று திருப்பி அனுப்புவான். அதற்காக அவன் பின்னம் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. வீட்டில் கிடந்த புத்தகத்தை யாருக்கும் தெரியாமல் எடுத்துப் போய் அம்மா போட்ட வழியைப் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டான். சேட்டு சைக்கிளில் சாய்ந்து நின்று பார்த்துவிட்டு, "லீவுல ஏன்டா இப்டி கஷ்டப்படறீங்க?" என்று பரிதாபப்பட்டான்.

அவர்கள் கட்டியதிலேயே நல்ல கணக்கு ஒரு பேருந்துக் கணக்கு. திருத்தணியிலிருந்து ஒரு பஸ் கிளம்புகிறது. கே.ஜி.கண்டிகையில் பாதிப் பேர் இறங்குகிறார்கள், மூன்று பேர் ஏறுகிறார்கள். அடுத்த நிறுத்தத்தில் இருப்பவர்களில் மூன்றில் ஒரு பங்கு இறங்குகிறது, நாலு பேர் ஏறுகிறார்கள். இப்போது பஸ்ஸில் இருபது பேர். கிளம்பும்போது எத்தனை பேர்?

அம்சா அதை இரண்டு நாள் சுமந்தாள். குழாயடியில் குடத்தை நிரம்பி வழியவிட்டு, "பாதி பேரு எறங்கிட்டாங்க," என்று தனக்குள் சொல்லிக்கொண்டு நின்றாள். இரண்டாம் நாள் மாலை, முறுக்கு பிழிந்துகொண்டிருந்தவள் சட்டென்று நிமிர்ந்தாள். கடைசியிலிருந்து திரும்பி வந்தால்? நாலு பேரை இறக்கிவிட்டால் பதினாறு. அது மூன்றில் இரண்டு பங்கு என்றால் முழுசு இருபத்திநாலு. ஏறிய மூன்று பேரைக் கழித்தால் இருபத்தொன்று. அது பாதி.

"நாப்பத்தி ரெண்டு!" என்றாள். பிறகு யோசித்து, "நின்னுகினு வந்தவங்களையும் சேத்துதானே?" என்றாள்.

பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு, சேர்த்துத்தான் என்றார்கள்.

மே மாதம் முடியும் சமயத்தில், சொன்னது போலவே தேவகி வந்து இறங்கினாள். கைப்பையும் கண்ணாடியுமாகக் கூடத்து நடுவில் உட்கார்ந்தாள். எதிரே இரண்டு பிள்ளைகளும் கை கட்டி நின்றார்கள். பூபாலன் மின்விசிறியின் வேகத்தைக் கூட்டுவதும் குறைப்பதுமாக இருந்தான். அம்சா சமையலறையில் வடை தட்டிக்கொண்டிருந்தாள். அவள் காது மட்டும் கூடத்தில் இருந்தது.

"ஒரு தொட்டி," என்று ஆரம்பித்தாள் தேவகி. "ஒரு குழாய் தொறந்தா மூணு மணி நேரத்துல ரொம்பும். இன்னொரு குழாய் தொறந்தா ஆறு மணி நேரம். ரெண்டையும் ஒண்ணா தொறந்தா?"

இளம்பரிதி வாயைத் திறப்பதற்குள் சமையலறையிலிருந்து குரல் வந்தது. "ரெண்டு மணி நேரம்!"

தேவகி கண்ணாடியைச் சரிசெய்தாள். "நான் உன்ன கேக்கல, அம்சா. கவிப்பிரியா, நீ சொல்லு. எட்டு ஆளு ஒரு வேலைய பதினஞ்சு நாள்ல முடிக்கிறாங்க. பத்து ஆளு வந்தா?"

"பன்னெண்டு நாளு!" வடை எண்ணெயில் விழும் சத்தமும் சேர்ந்து வந்தது.

"ஏ பூபாலா, அவள வாய மூட சொல்றா."

பூபாலன் உள்ளே எட்டிப் பார்த்தான். அம்சா ஒரு வடையை எடுத்து வாயில் திணித்துக்கொண்டு, இனிமேல் பேசமாட்டேன் என்று கையால் காட்டினாள். வடை சூடாக இருந்தது. கண்ணில் தண்ணீர் வந்தது.

"ஒரு எண்ண மூணு மடங்காக்கி அதுல ஏழ கழிச்சா முப்பத்தி ரெண்டு. அந்த எண் எது?"

பிள்ளைகள் சமையலறைப் பக்கம் பார்த்தார்கள். அங்கே ஒரு முனகல் கேட்டது. "மதிமூம்..."

தேவகி எழுந்தாள். அலமாரியிலிருந்த மூன்று புத்தகத்தையும் எடுத்துப் புரட்டினாள். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை ஒரே கையெழுத்து. அங்கங்கே மஞ்சள் விரல், எண்ணெய்ச் சொட்டு, ஒரு பக்கத்தில் காய்ந்த கறிவேப்பிலை.

"இது யாரு கையெழுத்து?"

கறிவேப்பிலையே சொல்லிவிட்டது.

அம்சா வடையை விழுங்கிவிட்டு சமையலறை வாசற்படியில் வந்து நின்றாள். "வரலன்னாங்க அண்ணி. சொல்லிக் குடுக்கலாம்னுதான் எடுத்தேன். அப்புறம்... அப்புறம் குடுக்கவே மனசு வரல."

"அப்போ இதுங்களுக்கு ஒண்ணும் தெரியாது. புஸ்தகம் மூணும் உனக்கு. ஜூன்ல ஸ்கூல் இதுங்களுக்கு. சரிதானே?"

"ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லாதீங்க அண்ணி. சேட்டு ஸ்கூல்ல குடுத்த லீவு கணக்கெல்லாம் இவங்கதான் கேட்டுகினு வந்து சொன்னாங்க. அது எப்டி கஷ்டம் தெரியுமா?"

அந்த நேரம் பார்த்து அனிதா வடை வாசனை பிடித்து வந்து கதவருகே நின்றிருந்தாள். "எங்க ஸ்கூல்லயா?" என்றாள். "லீவுக்கு கணக்கே குடுக்கலியேக்கா. தெர்மாக்கோல்ல எரிமல செஞ்சிகினு வரச் சொன்னாங்க. அதையும் நான்தான் செஞ்சிகினு கீறேன்."

அம்சா பிள்ளைகளைப் பார்த்தாள்.

கவிப்பிரியா ஓவென்று அழுதுவிட்டாள். அழுகைக்கு நடுவே எல்லாம் வெளியே வந்தது. நொண்டி ஆடு, பொய்கைப் படிக்கட்டு, பின்னாலிருந்து கட்டிய கணக்கு, பஸ்.

அம்சா சுவரைப் பிடித்துக்கொண்டாள். "அப்போ அந்த பஸ்... நான் ரெண்டு நாளு பைத்தியமாட்டம் சுத்திகினு இருந்தனே. நீங்க ரெண்டு பேரும் பாத்து சிரிச்சிகினு இருந்தீங்களா?"

"சிரிக்கலம்மா," என்றான் இளம்பரிதி. தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "கணக்கு போடறப்போ நீ எங்கள திட்டறதே இல்ல. விடை வந்துச்சுன்னா எங்கள தூக்கிகினு சுத்தற. அதான் தெனமும் ஒண்ணு செஞ்சோம்."

அம்சா உள்ளே போய்விட்டாள். எண்ணெய்ச் சட்டியில் ஒரு வடை கருகிக்கொண்டிருந்தது. அதை எடுத்துப் போட்டாள். மூக்கைச் சிந்தினாள்.

தேவகி கவிப்பிரியாவைக் கிட்டே இழுத்தாள். அவளுக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை. "நீங்களே செஞ்சீங்களா? எங்க, எனக்கு ஒண்ணு செய்."

கவிப்பிரியா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஜன்னல் வழியே மலையைப் பார்த்தாள். விரலை மடக்கி, நீட்டி, அண்ணன் காதில் ஏதோ கேட்டாள். அவன் தலையாட்டினான்.

"மலைக்கு ஒரு கூட்டம் போச்சுத்தே. அதுல பாதி பேரு மொட்ட போட்டுகினாங்க. மிச்ச பேர்ல மூணுல ஒரு பங்கு பேரு பூ முடி மட்டும் குடுத்தாங்க. முடியே குடுக்காதவங்க, மொட்டயவிட அஞ்சு பேரு கம்மி. மொத்தம் எத்தன பேரு?"

தேவகி கைப்பையிலிருந்து பேனாவை எடுத்தாள். அம்சா கரண்டியோடு சமையலறை வாசலில் வந்து நின்றாள். அவள் உதடும் அசைய ஆரம்பித்துவிட்டது. மொட்டையா, கடலையா, எதை எங்கே வைப்பது என்று அவள் தொடங்குவதற்குள் தேவகி மூன்று வரி எழுதி நிறுத்திவிட்டாள்.

"முப்பது பேரு."

"ஆங்!" என்றார்கள் பிள்ளைகள் இருவரும்.

அம்சாவுக்கு வாய் திறந்தபடி நின்றது. "எப்டி அண்ணி? அதுக்குள்ளயா?"

"எக்ஸ்னு வெச்சிகினேன். அவ்ளோதான்."

அம்சா தாளை வாங்கிப் பார்த்தாள். பத்தாம் வகுப்பில் அவளைக் கவிழ்த்த அதே எக்ஸ். பரீட்சைத் தாளில் தப்புக்கும் அந்தக் குறிதான் போடுவார்கள், கணக்கிலும் அதுதான் வரும். எது எது என்று புரியாமலே அவள் மூன்று மணி நேரம் உட்கார்ந்து எழுந்து வந்தவள்.

"தெரியாத ஆளுக்கு ஒரு பேரு வெச்சிக்கறோம், அம்சா. பேரு வெச்சிட்டா அவன கூப்புட்டு வேல வாங்கலாம்ல?"

"இத எனக்கு எவளும் சொல்லலியே!" என்றாள் அம்சா. கோபமாகவே சொன்னாள். கரண்டியைப் பூபாலன் கையில் கொடுத்துவிட்டு நாத்தனார் பக்கத்தில் உட்கார்ந்தாள். "இந்த பஸ் கணக்குக்கும் இது வருமா, அண்ணி? போட்டுக் காட்டுங்க."

மிச்ச வடையைப் பூபாலன் தட்டினான். அவை வடை மாதிரி இல்லை என்றாலும் அனிதா சாப்பிட்டாள்.

மறுநாள் காலை ரயிலுக்குப் போக வேண்டிய தேவகி அதற்கும் மறுநாள்தான் போனாள். போகுமுன் தீர்ப்பு சொன்னாள். பிள்ளைகள் வீட்டிலேயே படிக்கலாம், இந்த வருஷம். காலையில் கணக்கு அவர்கள் கையால் போட வேண்டும். அதற்குள் அம்சா பென்சிலைத் தொடக்கூடாது. அவளுக்கென்று தனிப் புத்தகம் தேவகியே அனுப்பி வைப்பாள். அடுத்த மே மாதம் மறுபடி வந்து கேட்பாள், அப்போது சமையலறைக் கதவைச் சாத்தி வைக்க வேண்டும்.

ஜூனில் சேட்டு எரிமலையைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்குப் போனான். இளம்பரிதி காலையில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பின்னக் கணக்குப் போட்டான். அவனுக்கு இப்போதும் கணக்கு பிடிக்காது, ஆனால் வரும். கவிப்பிரியா சீக்கிரம் முடித்துவிட்டு, அண்ணனுடைய தாளில் எந்த வரியில் அரை ஆள் வருகிறான் என்று காட்டிக் கொடுத்தாள். பக்கத்தில் அம்சா கையைக் கட்டிக்கொண்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு, பென்சிலைத் தொடாமல் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு அதுதான் பெரிய கஷ்டம்.

பூபாலனுக்குத்தான் ஒரு நஷ்டம். முன்பெல்லாம் வேலை முடிந்து வரும் ரயிலில் அவன் அக்காவிடம் நாலு வார்த்தை பேசுவான். இப்போது எந்த நேரம் அடித்தாலும் அக்கா வேறு ஒருவரிடம் பேசிக்கொண்டிருப்பதாகக் குரல் வருகிறது. ஒருநாள் ஆவடி தாண்டும்போது அதிசயமாக லைன் கிடைத்தது.

"அக்கா, நல்லாகீறியா?"

"நல்லாகீறேன்டா. நீ அப்புறமா பேசு. அம்சா லைன்ல கீது, எக்ஸுகூட இப்போ ஒய்யும் வந்துட்டான்."

பூபாலன் கைப்பேசியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்தான். இன்றைக்கும் இரவுச் சாப்பாடு நேரமாகும் என்று தோன்றியது. அரக்கோணத்தில் ரயில் நின்றதும் இறங்கிப் போய், எல்லோருக்குமாகச் சுண்டல் வாங்கிக்கொண்டு ஏறினான்.